கடத்திப் புரதம் குளுக்கோஸை உள்ளே தள்ளுகிறதா?

கேள்வி இது: "செல் சவ்வில் இருக்கும் கடத்திப் புரதம் குளுக்கோஸைப் பிடித்து உள்ளே விடுகிறது என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் புரதம் குளுக்கோஸோடு சேர்ந்து சவ்வைக் கடந்து போகிறதா? இல்லை, அது வெறும் துளைதான் என்றால் மற்றதெல்லாம் ஏன் அதே துளை வழியாக ஒழுகவில்லை? எது உள்ளே, எது வெளியே என்று ஒரு புரதத்துக்கு எப்படித் தெரியும்?"

முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கமானது: கடந்து போவதில்லை, துளையும் கிடையாது. மூன்றாவதுக்கு என் பதில், பெரும்பாலான கடத்திகளுக்கு அது தெரியவே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்பது. பலருக்கும் நெருடுவது இந்த மூன்றாவது பதில்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிடும், அதனால் அங்கே போய்ச் சேரும்படியே எழுதுகிறேன்.

சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. மொத்தத் தடிமன் 5 நானோமீட்டர் வாக்கில். நடுவே தண்ணீரே ஒட்டாத எண்ணெய்ப் பகுதி 3 நானோமீட்டர். ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்ஸைடு போன்ற சின்ன, மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகளுக்கு இது ஒரு தடையே இல்லை, நேராகக் கரைந்து மறுபக்கம் வந்துவிடும். குளுக்கோஸ் அப்படிப் போக முடியாது. அதன் வளையத்தில் 5 ஹைட்ராக்ஸில் தொகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுற்றியிருக்கும் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொண்டிருக்கிறது. எண்ணெய்க்குள் நுழைய வேண்டுமானால் அந்தப் பிணைப்புகளை எல்லாம் அறுத்துக்கொண்டு வர வேண்டும், உள்ளே அதற்கு ஈடாக ஒன்றும் கிடைக்காது. சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகளின் நிலைமை இன்னும் மோசம். அவை தண்ணீர் மூலக்கூறுகளை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு திரிகின்றன, அதைக் கழற்றிவிட்டு எண்ணெய்க்குள் வர அவற்றுக்கு ஆகும் ஆற்றல் செலவு மிகப் பெரிது.

ஆக, கடத்திப் புரதத்தின் முதல் வேலை இந்த இழப்பை ஈடுகட்டுவது. தண்ணீரோடு இருந்த பிணைப்புகளுக்குப் பதிலாகத் தன் அமினோ அமிலங்களோடு பிணைப்பு கொடுக்கிறது. குளுக்கோஸ் தண்ணீரை விட்டு வந்தும் 'நஷ்டப்படாமல்' சவ்வின் நடுவில் இருக்க முடிகிறது. சிவப்பணுவில் இருக்கும் குளூட்-1 என்ற கடத்தியை எடுத்துக்கொண்டால், அது இல்லாமல் குளுக்கோஸ் கசிந்து வரும் வேகத்தைவிடச் சுமார் 50,000 மடங்கு வேகத்தில் உள்ளே விடுகிறது. ஒரு நொதி வேதிவினையை எப்படி வேகப்படுத்துகிறதோ அதே கணக்குதான். நடக்கக்கூடிய ஒன்றை வேகமாக நடக்க வைக்கிறது, நடக்கவே முடியாததை நடத்திக்காட்டுவதில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, புரதம் சவ்வைக் கடந்து போகிறதா என்ற கேள்வி. ஒரு காலத்தில் ஆய்வாளர்களே அப்படித்தான் நினைத்தார்கள். 1950களில் வந்த தாங்கிக் கோட்பாட்டில், ஏதோ ஒரு சிறிய பொருள் வெளிப்பக்கம் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு சவ்வுக்குள் நகர்ந்து, உள்பக்கம் விட்டுவிட்டு, காலியாகத் திரும்பி வருவதாக வரைந்தார்கள். கடத்திகள் புரதங்கள் என்று தெரிந்த பிறகு இந்தப் படம் தாங்கவில்லை. ஒரு பெரிய புரதத்தின் இரண்டு முனைகளும் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கும் மின்னேற்றப் பகுதிகள். மொத்தப் புரதமும் சவ்வுக்குள் குப்புறப் புரள வேண்டுமென்றால் அவை எண்ணெய் வழியாகப் போயாக வேண்டும். ஒரு குளுக்கோஸுக்கே முடியாத வேலை, அதைவிடப் பல மடங்கு பெரிய புரதத்துக்கு எப்படி முடியும்?

1966-இல் ஒலெக் ஜார்டெட்ஸ்கி ஒரு மாற்று யோசனை சொன்னார். பீட்டர் மிச்சலும் அதற்கு முன்பே இதே திசையில் யோசித்திருந்தார். புரதம் இருந்த இடத்திலேயே இருக்கும், சவ்வின் குறுக்கே நிலையாகப் பதிந்திருக்கும். நடுவில் மூலக்கூறு உட்காரும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் ஒரு நேரம் வெளிப்பக்கம் திறந்திருக்கும், இன்னொரு நேரம் உள்பக்கம் திறந்திருக்கும், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஒருபோதும் திறக்காது. இரண்டு கதவு உள்ள ஓர் அறையில் ஒரு கதவு மூடினால்தான் மற்றது திறக்கும் என்று வைத்தால் எப்படியோ அப்படி. இதற்கு மாற்று அணுகல் மாதிரி என்று பெயர். யோசனை வந்தபோது ஒரு கடத்தியின் அமைப்புகூட யாருக்கும் தெரியாது. அப்புறம் சுமார் 40 வருடம் கழித்து, 2003-இல் ஈ. கோலை பாக்டீரியாவின் லாக்டோஸ் கடத்தியான லாக்-ஒய்யின் படிக அமைப்பை ரொனால்ட் காபாக், சோ இவாட்டா குழுவினர் வெளியிட்டபோது, உள்பக்கம் மட்டும் அகலமாகத் திறந்து வெளிப்பக்கம் இறுக மூடிய பள்ளம் ஒன்று கண்ணெதிரே இருந்தது. வெறும் சோதனைக் குழாய் அளவீடுகளை வைத்துக்கொண்டு ஒரு மூலக்கூறின் இயக்கத்தை இவ்வளவு சரியாக ஊகித்தது எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

இதிலேயே இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. மற்றதெல்லாம் ஏன் ஒழுகவில்லை என்றால், எந்த நொடியிலும் வெளியிலிருந்து உள்ளே நேராகப் பார்க்கும்படி ஒரு வழி இருப்பதே இல்லை. ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறப்பதற்கு இடையில், இரண்டு பக்கமும் மூடிய ஒரு நிலையும் உண்டு, அதில் மூலக்கூறு உள்ளே அடைபட்டு இருக்கும்.

குளூட்-1 எப்படி இதைச் செய்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 492 அமினோ அமிலங்கள் உள்ள ஒரே சங்கிலி, சவ்வை 12 முறை குறுக்கே துளைத்துச் செல்கிறது. ஒவ்வொரு முறையும் ஓர் ஆல்ஃபா சுருளாக. முதல் 6 சுருள்கள் ஒரு பாதி, அடுத்த 6 இன்னொரு பாதி, நடுவில் பள்ளம். இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று எதிராகச் சாய்ந்து அசைகின்றன, மேலே நெருங்கினால் கீழே விலகும், கீழே நெருங்கினால் மேலே விலகும். மனித குளூட்-1-இன் அமைப்பை 2014-இல் சிங்குவா பல்கலைக்கழகத்தில் நியெங் யான் குழு வெளியிட்டது. அது உள்பக்கம் திறந்த நிலை. அடுத்த ஆண்டு அதே குழு அதன் உறவுக் கடத்தியான குளூட்-3-ஐக் குளுக்கோஸோடு சேர்த்து, சர்க்கரை உள்ளே அடைபட்ட நிலையில், மிக நுணுக்கமாகக் காட்டியது. சர்க்கரையைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவது பாதி, முதல் பாதி அதன்மேல் வந்து மூடுகிறது.

தேர்ந்தெடுக்கும் திறனும் இந்தப் பள்ளத்தில்தான். இயற்கையில் இருக்கும் டி-குளுக்கோஸை குளூட்-1 நன்றாகப் பிடிக்கும். அதன் கண்ணாடிப் பிம்பமான எல்-குளுக்கோஸ் அதே அணுக்கள், அதே அளவு, ஆனாலும் கிட்டத்தட்ட கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. வெறும் துளையாக இருந்தால் இந்த வித்தியாசம் வர வாய்ப்பே இல்லை.

இப்போது முக்கியமான இடம். இரண்டு பாதிகளையும் சாய வைப்பது யார்? யாரும் இல்லை. உடல் வெப்பநிலையில் எல்லா மூலக்கூறுகளும் ஓயாமல் நடுங்கிக்கொண்டு, முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. அந்த நடுக்கமே போதும். குளூட்-1 காலியாக இருந்தாலும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மாறிக்கொண்டுதான் இருக்கிறது, குளுக்கோஸ் உட்கார்ந்தால் அந்த மாற்றம் இன்னும் சுலபமாகிறது, அவ்வளவே. வெளியே 5 மில்லிமோலார் (செறிவின் அலகு இது) குளுக்கோஸ், உள்ளே மிகக் குறைவு என்றால், பள்ளம் வெளியே திறக்கும்போது நிரம்பும் வாய்ப்பு அதிகம், உள்ளே திறக்கும்போது காலியாகும் வாய்ப்பு அதிகம். ஆகவே மொத்தக் கணக்கில் சர்க்கரை உள்ளே போகிறது. செறிவை மாற்றி வைத்தால் அதே புரதம் அதே அசைவோடு வெளியே விடும். புரதத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. உதாரணத்துக்குக் கல்லீரலில் இருக்கும் குளூட்-2, சாப்பிட்ட பிறகு சர்க்கரையை உள்ளே எடுக்கும் திசையிலும், பட்டினி நேரத்தில் கல்லீரல் செய்யும் சர்க்கரை இரத்தத்துக்கு வரும் திசையிலும் ஓடக்கூடியது.

அப்படியானால் உள்ளேயும் 5 மில்லிமோலார் ஆனதும் நின்றுவிடாதா? நிற்கும். அதனால்தான் செல் ஒரு காரியம் செய்கிறது: உள்ளே வந்த குளுக்கோஸை உடனே ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி பாஸ்பேட் ஒட்டி மாற்றிவிடுகிறது. குளூட் அதைக் குளுக்கோஸாகவே எண்ணாது, பள்ளத்தில் அது பொருந்தாது, வெளியே போக முடியாது. உள்ளே 'குளுக்கோஸ்' செறிவு எப்போதும் குறைவாகவே இருக்கும். ஆக இழுப்பது கடத்தி அல்ல, உள்ளே நடக்கும் வேதிவினை.

பாக்டீரியாக்கள் இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கின்றன. பாஸ்போடிரான்ஸ்ஃபரேஸ் அமைப்பு என்று ஒன்று, 1964-இல் சால் ரோஸ்மன் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, சர்க்கரை சவ்வைக் கடக்கும்போதே பாஸ்பேட்டை ஒட்டிவிடும்.

ஒரு கடத்தி இப்படி நிலை மாறி மாறி வேலை செய்கிறது என்பதற்கு அமைப்புப் படங்கள் வருவதற்கு முன்பே இரண்டு நல்ல சான்றுகள் இருந்தன. ஒன்று, செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் கடத்தும் வேகம் ஓர் உச்சத்தில் நின்றுவிடும். எல்லாப் புரதமும் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் வேகம் ஏறாது. இன்னொன்று இன்னும் அழகானது: செல்லுக்குள் முன்கூட்டியே சாதாரணச் சர்க்கரையை நிரப்பி வைத்துவிட்டு, வெளியே கதிரியக்கக் குறியிட்ட சர்க்கரையை விட்டால், அது காலியான செல்லுக்குள் போவதைவிட வேகமாக உள்ளே போகும். உள்ளே நிறைய இருந்தால் மெதுவாகத்தானே போக வேண்டும் என்று தோன்றும். ஆனால் உள்பக்கம் திறந்து இறக்கிவிட்ட புரதம் காலியாகத் திரும்புவதுதான் சுற்றிலேயே மெதுவான கட்டம். உள்ளே இருக்கும் சர்க்கரை ஒன்றை ஏற்றிக்கொண்டு திரும்பினால் சீக்கிரம் வெளிப்பக்கம் வந்துவிடுகிறது. துளையில் இப்படி நடக்கவே நடக்காது.

உச்ச வேகம் என்ற அந்த விஷயம் சிறுநீரகத்தில் நேரடியாகவே தெரியும். சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டிவிட்டு, கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டும்போது அங்கிருக்கும் கடத்திகள் நிரம்பத் தொடங்குகின்றன, மிச்சம் சிறுநீரில் வருகிறது. சர்க்கரை நோயில் சிறுநீரில் சர்க்கரை தெரிவது இதனால்தான்.

உண்மையான துளைகளும் சவ்வில் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாடப்படங்களில் இரண்டையும் ஒரே மாதிரி வரைந்து குழப்பிவிடுகிறார்கள். கால்வாய்ப் புரதங்கள் திறந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே திறந்திருக்கும், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் புரதம் வடிவம் மாற வேண்டியதில்லை. அதனால்தான் வேகத்தில் அவ்வளவு வித்தியாசம்: ஒரு குளூட்-1 நொடிக்கு ஆயிரம் வாக்கில் குளுக்கோஸ் கடத்தும், ஒரு பொட்டாசியம் கால்வாய் நொடிக்கு 1 கோடி முதல் 10 கோடி அயனிகள் வரை விடும், பீட்டர் ஏகர் கண்டுபிடித்த அக்வாபோரின் நொடிக்கு 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகளை விடும். பொட்டாசியம் கால்வாய், பொட்டாசியத்தைவிடச் சின்னதான சோடியத்தை விடாமல் தடுப்பதும் அதே ஈடுகட்டும் கணக்கால்தான்: கால்வாயின் ஒடுங்கிய பகுதியில் ஆக்ஸிஜன் அணுக்கள் பொட்டாசியத்தின் அளவுக்குச் சரியாக வரிசைப்பட்டிருக்கின்றன, சோடியம் அவற்றைத் தொட முடியாத அளவு சின்னது, தண்ணீரை இழந்ததற்கு ஈடு கிடைக்காது. ராடெரிக் மெக்கின்னன் 1998-இல் இதன் அமைப்பைக் காட்டினார். 2003 வேதியியல் நோபல் ஏகருக்கும் இவருக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது.

இனி கஷ்டமான பகுதி. குறைவான செறிவிலிருந்து அதிகமான செறிவுக்கு எப்படிக் கடத்துவது? சிறுகுடல் செல் குடலில் மிச்சமிருக்கும் கடைசித் துளிக் குளுக்கோஸையும் எடுக்க வேண்டும், உள்ளே ஏற்கனவே அதைவிட அதிகம் இருக்கிறது. குளூட் இங்கே போட்டால் சர்க்கரை குடலுக்குத் திரும்பிவிடும்.

ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் ஒரு கருத்தரங்கில் சொன்ன பதில்: சோடியத்தோடு கட்டிப்போடுங்கள். செல்லுக்கு வெளியே சோடியம் 145 மில்லிமோலார், உள்ளே 12 வாக்கில். அதோடு செல்லின் உள்பக்கம் எதிர்மின்னழுத்தம். சோடியம் உள்ளே விழத் துடித்துக்கொண்டிருக்கிறது. அது விழும்போது குளுக்கோஸையும் கூடவே கொண்டுவந்தால் வேலை முடிந்தது. இதைச் செய்யும் எஸ்ஜிஎல்டி-1 என்ற புரதம், 2 சோடியத்துக்கு 1 குளுக்கோஸ் என்ற விகிதத்தில் கடத்துகிறது.

'கூடவே கொண்டுவந்தால்' என்று எழுதுவது சுலபம், புரதம் இதை எப்படிக் கட்டாயப்படுத்துகிறது என்பதுதான் பலரும் தாண்டிப் போகும் இடம். சோடியம் குளுக்கோஸைப் பிடித்து இழுப்பதில்லை. புரதம் செய்வதெல்லாம் ஒரு தடை விதிப்பது மட்டுமே: முழுவதும் காலியாக இருந்தால் நிலை மாறலாம், எல்லாம் நிரம்பியிருந்தால் நிலை மாறலாம், பாதி நிரம்பியிருந்தால் மாறக்கூடாது. இந்த ஒரே விதி போதும். சோடியம் மட்டும் உட்கார்ந்தால் அது வெளிப்பக்கமே காத்திருக்க வேண்டும், குளுக்கோஸ் வந்து சேரும்வரை. எல்லாம் சேர்ந்ததும் வழக்கமான நடுக்கத்தில் உள்பக்கம் திறக்கும். உள்ளே சோடியம் மிகக் குறைவு, மின்னழுத்தமும் வேறு, ஆக சோடியம் விலகிப் போய்விடும், திரும்ப வந்து உட்கார வாய்ப்பு குறைவு. சோடியம் இல்லாமல் குளுக்கோஸைப் பிடிக்கும் வலுவும் குறைந்துவிடுகிறது. காலியான புரதம் வெளிப்பக்கம் திரும்புகிறது. குளுக்கோஸ் உள்ளே அதிகமாக இருந்தாலும் அது மட்டும் ஏறி வெளியே போக விதி விடாது.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம், சுலபம்தான். செறிவு வேறுபாடு 12 மடங்கு. 60 மில்லிவோல்ட் மின்னழுத்தம் ஒற்றை மின்னேற்ற அயனிக்குச் சுமார் 10 மடங்குக்குச் சமம். ஆக ஒரு சோடியம் உள்ளே வருவது 120 மடங்கு வேறுபாட்டுக்கு எதிராகக் குளுக்கோஸை ஏற்றப் போதும். 2 சோடியம் என்றால் 120-ஐ 120-ஆல் பெருக்க வேண்டும், 14,000-க்கு மேல். கோட்பாட்டளவில் வெளியே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் உள்ளே சேர்க்கலாம். சிறுநீரகம் இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறது: தொடக்கத்தில் சர்க்கரை தாராளமாக இருக்கும் இடத்தில் 1 சோடியம் மட்டும் செலவழிக்கும் எஸ்ஜிஎல்டி-2 வேலை செய்து சுமார் 90 சதவீதத்தை எடுத்துவிடுகிறது, பின்னால் மிச்சம் மீதியை வழித்தெடுக்க மட்டும் 2 சோடியம் செலவாகும் எஸ்ஜிஎல்டி-1. இப்போது சர்க்கரை நோய்க்குக் கொடுக்கப்படும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் எஸ்ஜிஎல்டி-2-ஐ அடைத்து, சர்க்கரையைச் சிறுநீரில் போக விடுகின்றன. இவற்றின் மூதாதை ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின்.

'பாதி நிரம்பினால் மாறாதே' என்ற விதி வெறும் கதை இல்லை என்பதற்கு லாக்-ஒய் நல்ல சாட்சி. அது சோடியத்துக்குப் பதில் புரோட்டானோடு, அதாவது அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனியோடு, லாக்டோஸைக் கட்டுகிறது. அதில் 325-ஆம் இடத்தில் இருக்கும் குளுட்டமிக் அமிலத்தை மாற்றிவிட்டால், புரோட்டானை விட முடியாத புரதம் ஒன்று கிடைக்கிறது. அந்தப் புரதம் உள்ளே ஒரு லாக்டோஸ், வெளியே ஒரு லாக்டோஸ் என்று மாற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் காலியாகத் திரும்ப முடியாததால் லாக்டோஸைச் சேர்க்க முடியாது. நிலை மாறும் இயந்திரம் முழுசாக இருக்கிறது, சேர்க்கும் திறன் மட்டும் போய்விட்டது. 1970-இல் செய்த இன்னொரு சோதனை: ஆற்றல் தீர்ந்துபோன ஈ. கோலை செல்கள் மிதக்கும் கரைசலில் லாக்டோஸை ஊற்றினால், கரைசலின் அமிலத்தன்மை குறைகிறது. லாக்டோஸ் தன் சரிவில், அதாவது அதிகச் செறிவிலிருந்து குறைந்த செறிவுக்கு, உள்ளே போகும்போது புரோட்டானையும் கூட்டிக்கொண்டு போகிறது. யார் யாரை இழுக்கிறார்கள் என்பதற்கு நிலையான பதில் இல்லை, எதன் சரிவு பெரிதோ அது.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசலும் எஸ்ஜிஎல்டி-1-ஐ நம்பித்தான் இருக்கிறது. காலரா நச்சு குடல் செல்களிலிருந்து குளோரைடையும் அதன் பின்னாலே தண்ணீரையும் வெளியே கொட்ட வைக்கிறது, ஆனால் எஸ்ஜிஎல்டி-1-ஐத் தொடுவதில்லை. அதன் வழியாகச் சோடியமும் சர்க்கரையும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே திரும்பி வரும். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், 75 மில்லிமோல் குளுக்கோஸ். உப்பு மட்டும் போதாது, சர்க்கரை மட்டும் போதாது, ஏன் என்று மேலே இருக்கும் விதியிலேயே இருக்கிறது.

சரி, சோடியம் இப்படி உள்ளே விழுந்துகொண்டே இருந்தால் அந்த 12 மடங்கு வேறுபாடு எத்தனை நேரம் தாங்கும்? யாராவது அதை வெளியே எடுத்துப் போட வேண்டும், இங்கேதான் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி உள்ளே வருகிறது. யென்ஸ் ஸ்கோ 1957-இல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்த சோடியம்–பொட்டாசியம் பம்ப், ஒரு ஏடிபியைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே விட்டு 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. இதற்காக 1997-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஏடிபியில் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இந்த ஒரே பம்புக்குப் போகிறது.

பம்பும் அடிப்படையில் அதே மாற்று அணுகல்தான். வித்தியாசம், எந்த நிலைக்கு மாறுவது என்பதை வேதிவினை முடிவு செய்கிறது. உள்பக்கம் திறந்திருக்கும்போது சோடியத்தை இறுகப் பிடிக்கும். ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட் புரதத்தின் மேல் ஒட்டியதும் வெளிப்பக்கம் திறக்கும், அங்கே சோடியத்தின் மேலிருந்த பிடி தளர்ந்து பொட்டாசியத்தின் மேல் பிடி கூடும். பாஸ்பேட் கழன்றதும் திரும்ப உள்பக்கம். ஏடிபி எந்த அயனியையும் நேரடியாகத் தள்ளவில்லை, பள்ளம் எப்போது யாரை விரும்புகிறது என்பதை மட்டும் மாற்றுகிறது. இதில் ஒரு வேடிக்கை, சோடியம், பொட்டாசியம் வேறுபாட்டைச் செயற்கையாக மிகச் செங்குத்தாக வைத்து, ஏடிபியைக் குறைத்து வைத்தால், இந்தப் பம்ப் பின்னோக்கி ஓடி ஏடிபியை உண்டாக்கும். 1960களிலேயே சிவப்பணுக்களில் செய்து காட்டிவிட்டார்கள். பம்புக்கே திசை சொந்தம் கிடையாது.

எல்லாக் கடத்திகளும் இரண்டு பாதிகள் சாயும் வகைதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நரம்பு இணைப்புகளில், செய்தி கடத்தும் மூலக்கூறான குளுட்டமேட்டைத் துடைத்தெடுக்கும் கடத்திகளில், பள்ளம் இருக்கும் பகுதி மட்டும் தனியாகச் சவ்வுக்குள் மேலும் கீழும் நகர்கிறது, மீதிப் பகுதி சட்டமாக நிற்கிறது. பழைய தாங்கிக் கோட்பாடு ஒரு சின்ன அளவில் திரும்பி வந்த மாதிரி. ஒரு குளுட்டமேட்டுக்கு 3 சோடியம், 1 புரோட்டான் உள்ளே, 1 பொட்டாசியம் வெளியே. இவ்வளவு செலவு செய்வதற்குக் காரணம் உண்டு, அங்கே குளுட்டமேட் கொஞ்சம் தேங்கினாலும் நரம்புச் செல்லுக்கு நஞ்சு.

கடத்தல் எவ்வளவு நடக்கிறது என்பதை மாற்ற, செல் பெரும்பாலும் புரதத்தின் வேகத்தைத் தொடுவதில்லை, எண்ணிக்கையைத்தான் மாற்றுகிறது. தசையிலும் கொழுப்புச் செல்லிலும் குளூட்-4 சாதாரண நேரத்தில் உள்ளே சின்னச் சின்னப் பைகளில் கிடக்கும். இன்சுலின் வந்தால் பைகள் மேலே வந்து சவ்வோடு இணைகின்றன, சர்க்கரை போகும் வேகம் கொழுப்புச் செல்லில் பத்து மடங்குக்கு மேலும் ஏறும். இன்சுலின் 'செல்லின் கதவைத் திறக்கிறது' என்று சொல்வார்களே, கதவு அங்கே இருக்கவே இல்லை, கொண்டுவந்து பொருத்துகிறது. உடற்பயிற்சியும் இன்சுலின் இல்லாமலே தசையில் இதைச் செய்யும்.

கடைசியாக உங்கள் மூன்றாவது கேள்வி. உள்ளே வெளியே என்பது தெரியாத புரதங்களை வைத்துக்கொண்டு, குடலிலிருந்து இரத்தத்துக்கு என்று ஒரே திசையில் எப்படிச் சர்க்கரை போகிறது? பம்புக்கு ஏடிபி வேண்டும், ஏடிபி இருப்பது செல்லுக்குள், ஏடிபியைப் பிடிக்கும் பகுதி உள்பக்கம் பார்த்திருப்பது புரதம் தயாராகும்போதே முடிவாகி, பிறகு புரள்வதில்லை. மற்றது எந்தப் புரதம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிறுகுடல் செல்லில் எஸ்ஜிஎல்டி-1 குடலைப் பார்த்த பக்கம் மட்டும். சோடியம் பம்பும் குளூட்-2-உம் இரத்தத்தைப் பார்த்த பக்கம். செல்களுக்கு நடுவே இருக்கும் இறுக்கமான இணைப்புகள் புரதங்களை இடம் மாற விடுவதில்லை. சோடியத்தோடு சேர்ந்து குளுக்கோஸ் ஒரு பக்கம் ஏறி, உள்ளே அதிகமாகி, மறுபக்கம் குளூட்-2 வழியாகத் தன் சரிவில் இறங்கி இரத்தத்துக்குப் போகிறது.

எஸ்ஜிஎல்டி-1 மரபணுவில் பிழையோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு, அரிதாக. தாய்ப்பாலே கடுமையான வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், ஏனென்றால் பாலில் இருக்கும் லாக்டோஸ் உடைந்து வரும் குளுக்கோஸ், கேலக்டோஸ் இரண்டுக்கும் அதே கடத்திதான் வழி. அவர்களில் பலருக்கு, புரதம் உருவாகியும் சவ்வுக்கு வந்து சேர்வதில்லை, செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு ஃபிரக்டோஸ் அடிப்படையிலான பாலைக் கொடுக்கிறார்கள், அது ஒத்துக்கொள்கிறது. ஃபிரக்டோஸ் குளூட்-5 வழியாகப் போகிறது, அதற்குச் சோடியம் தேவையில்லை.